ஒப்புக்கொண்டால் தண்டனை, மழுப்பினால் விடுதலை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பாட மோசடி

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 18 ஆண்டுகள், நடக்காத வகுப்புகளுக்கு மதிப்பெண் போடப்பட்டது. அந்த வகுப்புகளின் பதிவுகளில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுடையவை. கட்டுரைகளைத் திருத்தியவர் பேராசிரியர் அல்ல, துறை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர். 2017 அக்டோபர் 13 அன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. இந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஒன்றேகால் வருடம் கழித்து, 2019 ஜனவரி 31 அன்று, அதே அமைப்பு மிசௌரி பல்கலைக்கழகத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஒரு டியூட்டர் 12 வீரர்களுக்குப் பாட வேலைகளைச் செய்து கொடுத்திருந்தார். கோச் யாரும் சொல்லிச் செய்ததாக நிரூபணம் இல்லை. பல்கலைக்கழகம் முழுதாக ஒத்துழைத்தது. கிடைத்த தண்டனை: ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் ஆகிய மூன்று அணிகளும் சீசன் முடிவுப் போட்டிகளில் ஓராண்டு ஆட முடியாது, ஸ்காலர்ஷிப் குறைப்பு, மூன்று ஆண்டு கண்காணிப்பு.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், பெரிய அணிக்கு ஒரு நியாயம், சின்ன அணிக்கு ஒரு நியாயம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் என் பார்வையில் விஷயம் அதைவிட மோசமானது. யாரும் விதியை மீறாமல், விதிப்புத்தகத்தில் எழுதியிருந்தபடியே இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்தன.

முதலில், ஒரு விளையாட்டு வீரருக்கு ஏன் போலி வகுப்பு தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் ஊர்க் கல்லூரி விளையாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இது புரியாது. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலும் (நாம் சொல்லும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் ஆட்டம்) கூடைப்பந்தும் பெரிய தொழில்கள். கூடைப்பந்து இறுதித் தொடர் ஒன்றை ஒளிபரப்பும் உரிமைக்காக மட்டும் 2010இல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. ஆடுகிறவர்கள் ஆனால் மாணவர்கள். அண்மைக்காலம் வரை அவர்களுக்குக் கிடைத்தது ஸ்காலர்ஷிப்தான், சம்பளம் இல்லை. "பணம் இல்லை, ஆனால் படிப்புக் கிடைக்கிறது" என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நியாயமாகச் சொல்லப்பட்டது.

படிப்பு நிஜம்தான் என்று காட்ட விதிகள் வேண்டும். அதனால், களத்தில் இறங்க ஒரு வீரர் குறிப்பிட்ட சராசரி கிரேடு வைத்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் டிகிரியின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 என்று முடித்திருக்கவும் வேண்டும். இன்னொரு பக்கம், பயிற்சி, பயணம், ஆட்டம், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்து ஒரு முழுநேர வேலை அளவுக்கு நேரத்தைத் தின்றுவிடும். பள்ளியிலேயே சரியாகப் படிக்க வைக்கப்படாத ஒரு பையனை அவனுடைய ஓட்டத்துக்காகச் சேர்த்துக்கொண்டு, கடினமான பல்கலைக்கழகத்தில் உட்காரவைத்து, மாதத்தில் பாதி நாள் வெளியூரில் ஆடவும் வைத்தால் என்ன ஆகும்? கிரேடு கீழே போகும். கிரேடு போனால் அவன் ஆட முடியாது. அணி தோற்கும். அங்கேதான் சுலபமான வகுப்புகளுக்குச் சந்தை உருவாகிறது.

சேப்பல் ஹில்லில் அந்தத் தேவையைத் தீர்த்துவைத்தது ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கப் படிப்புகள் துறை. துறைத் தலைவர் ஜூலியஸ் நியாங்ஓரோ. நிர்வாகப் பணியாளர் டெபோரா க்ரவுடர். 1993இல் தொடங்கிய முறை ரொம்ப எளிது. மாணவர் பதிவு செய்வார். வகுப்பு கூடாது, ஆசிரியரைச் சந்திக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதை க்ரவுடர் வாங்கி, முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்து, நீளம் சரியாக இருக்கிறதா என்று புரட்டி, பெரும்பாலும் ஏ அல்லது நல்ல பி போட்டுவிடுவார். முதலில் இவை தனிப்படிப்பு என்ற பெயரில் நடந்தன. பிறகு விரிவுரை வகுப்புகள் என்றே பட்டியலில் ஏறின. மாணவர்கள் வைத்த பெயர் 'பேப்பர் கிளாஸ்'.

க்ரவுடரை ஒரு வில்லியாகச் சித்தரிப்பது எளிது, ஆனால் சரியாக இருக்காது. அவர் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மாணவியாக இருந்தபோது தனக்கு யாரும் துணை நிற்கவில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது, தடுமாறும் மாணவர்களுக்கு உதவ நினைத்தார் என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கையே சொல்கிறது. வீரர்கள் மட்டும் அல்ல, மற்ற மாணவர்களும் வந்தார்கள். மாணவர் விடுதிச் சங்கங்களில் இந்த வகுப்புகளின் புகழ் பரவியது. இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தைக் கடைசியில் காப்பாற்றியது இதுதான்.

2009இல் க்ரவுடர் ஓய்வு பெற்றார். விளையாட்டு வீரர்களுக்குப் பாட ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் பதற்றம். அந்த நவம்பரில் ஃபுட்பால் கோச்சுகளுக்கு ஆலோசகர்கள் ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். நம் வீரர்களை எப்படிப்பட்ட வகுப்புகளில் போட்டு வந்தோம்? வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், பேராசிரியரைப் பார்க்க வேண்டாம், கவனிக்கக்கூட வேண்டாம். அப்படிப்பட்ட வகுப்புகள் இனி இல்லை. இதுதான் அதன் சாரம், கடைசி வரி பெரிய எழுத்தில். அந்தப் பருவத்திலேயே ஃபுட்பால் அணியின் சராசரி கிரேடு பத்தாண்டுகளில் இல்லாத அளவு சரிந்தது. இதற்கு மேல் தனியாக ஒரு சாட்சியம் தேவையா என்ன?

வெளியே தெரிந்த விதமும் ஒரு கூத்து. ஏஜென்டுகளிடம் பணமும் பரிசும் வாங்கிய ஃபுட்பால் வீரர்களைப் பற்றி 2010இல் ஒரு விசாரணை தொடங்கியது. பாட வேலையில் டியூட்டர் அளவுக்கு மீறி உதவினார் என்று தடை செய்யப்பட்ட ஒரு வீரர், தடையை எதிர்த்து நீதிமன்றம் போனார். தன் கட்டுரையையும் ஆவணமாகத் தாக்கல் செய்தார். பக்கத்து ஊர்ப் போட்டிப் பல்கலைக்கழகமான என்.சி. ஸ்டேட்டின் ரசிகர்கள் அதை எடுத்துப் படித்து, பல பத்திகள் அப்படியே திருட்டு என்று கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகமும் என்.சி.ஏ.ஏ.வும் பார்த்துக் கவனிக்காமல் விட்டதை, எதிரணி ரசிகர்களின் வன்மம் பிடித்தது. அப்புறம் ராலி நகரத்து 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' நாளிதழின் டேன் கேன் விடாமல் நோண்டினார். ஒரு நட்சத்திர வீரர் கல்லூரியில் முதலாண்டு தொடங்கும் முன்பே, கோடைக்காலத்தில், அந்தத் துறையின் உயர்நிலைப் பாடம் ஒன்றை எடுத்து பி பிளஸ் வாங்கியிருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

உள்ளேயிருந்து பேசியவர் மேரி வில்லிங்ஹாம். வீரர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நிபுணராக அங்கே வேலை செய்தவர். தான் பரிசோதித்த வீரர்களில் பெரும்பாலானவர்களின் வாசிப்புத் திறன் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான மட்டத்தில் இருந்ததாகச் சொன்னார். பல்கலைக்கழகம் அவருடைய தரவுகள் தவறு என்று வாதிட்டது. அந்தச் சர்ச்சை தீரவில்லை. உண்மையைப் பேசியதற்காக வேலையில் தன்னைப் பழிவாங்கினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார், 2015இல் 3,35,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் மார்ட்டின் தலைமையில் 2012இல் வந்த அறிக்கை, இது விளையாட்டு ஊழல் அல்ல, கல்வி ஊழல் என்று சொன்னது. க்ரவுடரும் நியாங்ஓரோவும் பேசாமல் எழுதப்பட்ட அறிக்கை அது. முழுப் படம் 2014 அக்டோபரில், அமெரிக்க நீதித்துறையில் உயர் பதவியில் இருந்த கென்னத் வைன்ஸ்டைனின் அறிக்கையில் வந்தது. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் பேப்பர் கிளாஸ் எடுத்திருந்தார்கள். மாணவர் எண்ணிக்கையில் சுமார் 4 சதவீதமே இருந்த விளையாட்டு வீரர்கள், அந்தப் பதிவுகளில் 47 சதவீதத்துக்கு மேல். ஒன்பது ஊழியர்கள் மீது நடவடிக்கை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 2015இல் அதை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது. எல்லாரும் இனி என்.சி.ஏ.ஏ. இடி இடிக்கும் என்று காத்திருந்தார்கள்.

இங்கேதான் விதிப்புத்தகம் வருகிறது. என்.சி.ஏ.ஏ. என்பது அரசு அமைப்பு இல்லை. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். ஒரு பாடம் தரமானதா, ஒரு கிரேடு நியாயமானதா என்று சொல்லும் உரிமையை எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு விளையாட்டுச் சங்கத்திடம் கொடுக்க விரும்பாது. அதில் நியாயமும் உண்டு. வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று மைதானத்து நிர்வாகிகள் சொல்ல ஆரம்பித்தால் அதுவும் ஆபத்துதான். அதனால் பாட மோசடி எது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் கொள்கைப்படி முடிவு செய்யும் என்று வைத்துக்கொண்டார்கள். என்.சி.ஏ.ஏ. தானாகத் தண்டிக்கக்கூடிய வழி ஒன்றுதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது: மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை வீரர்களுக்குக் கிடைத்ததா என்று பார்ப்பது.

சேப்பல் ஹில்லின் வக்கீல்கள் இரண்டு கதவுகளையும் மூடினார்கள். வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன. எனவே வீரர்களுக்கான தனிச் சலுகை இல்லை. விடுதிச் சங்கப் பையன்கள் பேப்பர் கிளாஸ் எடுத்தது இப்போது எவ்வளவு உதவியாக இருந்தது பாருங்கள். அடுத்து, வகுப்புகள் தரம் குறைந்தவையாக இருக்கலாம், ஆனால் எங்கள் அன்றைய விதிப்படி மோசடி அல்ல. நாங்கள் கொடுத்த கிரேடுகள் செல்லும். சிக்கல் என்னவென்றால், அங்கீகார அமைப்புக்கு எழுதிய கடிதத்தில் இதே பல்கலைக்கழகம் 'கல்வி மோசடி' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தது. விசாரணையில் அதைச் சுட்டிக்காட்டியபோது, அது எழுத்துப் பிழை அல்லது கவனக்குறைவு என்றார்கள். அங்கீகாரம் போய்விடுமோ என்ற பயத்தில் மோசடி, கோப்பை போய்விடுமோ என்ற பயத்தில் சாதாரண வகுப்பு.

விதிமீறல் குழுவுக்கு இது பிடிக்கவில்லை என்பது தீர்ப்பில் தெரிகிறது. பல்கலைக்கழகம் தன் நிலையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆனால் விதிப்படி கை கட்டப்பட்டிருக்கிறது என்று முடித்தார்கள். ஒத்துழைக்காததற்காக நியாங்ஓரோவுக்கு மட்டும் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு விதித்தார்கள். கல்லூரி வேலையிலிருந்தே விலகிவிட்ட ஒருவருக்கு அதனால் என்ன? 2005, 2009 கூடைப்பந்துப் பட்டங்கள் அப்படியே இருந்தன. தீர்ப்பு வந்த அதே 2017இன் ஏப்ரலில் இன்னொரு பட்டமும் வென்றிருந்தார்கள்.

இப்போது மிசௌரிக்குத் திரும்புவோம். 2016 நவம்பரில் டியூட்டர் தானே முன்வந்து, ஆன்லைன் பாடங்களையும் தேர்வுகளையும் வீரர்களுக்காகத் தான் செய்ததாகச் சொன்னார். பல்கலைக்கழகம் விசாரித்தது, எங்கள் மாணவர் நேர்மை விதி மீறப்பட்டது என்று ஒப்புக்கொண்டது. அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது, அந்த வழக்கின் விசாரணை அதிகாரி டேவிட் ராபர்ட்ஸ் மறைக்காமல் சொன்ன காரணம் இதுதான்: வட கரோலினா தன் வகுப்புகளையும் கிரேடுகளையும் விட்டுக்கொடுக்காமல் நின்றது, மிசௌரி நடந்ததை ஒப்புக்கொண்டது. மிசௌரி மேல்முறையீடு செய்தது, 2019 நவம்பரில் அதுவும் தள்ளுபடியானது.

நோட்ர டேம் கதையும் இதே வகை. அங்கே ஃபுட்பால் அணியில் பயிற்சி உதவியாளராக இருந்த ஒரு மாணவி, சில வீரர்களுக்குப் பாட வேலை செய்து கொடுத்தார். பல்கலைக்கழகமே கண்டுபிடித்து, தன் நேர்மை விதிப்படி பழைய கிரேடுகளைத் திரும்பக் கணக்கிட்டது. அப்படிக் கணக்கிட்டதால், அந்த வீரர்கள் ஆடியபோது தகுதியில்லாதவர்கள் என்று ஆனார்கள். என்.சி.ஏ.ஏ. 2012, 2013 சீசன்களின் 21 வெற்றிகளையும் ஏட்டிலிருந்து நீக்கியது. அதில் ஒன்று, வழக்கமான சீசன் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் தேசிய இறுதி ஆட்டம் வரை போன சீசன். 2018 பிப்ரவரியில் மேல்முறையீடு தோற்றதும் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஜென்கின்ஸ் கோபமாக எழுதினார்: கிரேடைத் திருத்தியதற்குத் தண்டனை என்றால், அடுத்தவர் திருத்தாமல் விட்டுவிடுவார். அவர் தன் பல்கலைக்கழகத்துக்காகத்தான் வாதாடினார், சரி. ஆனால் சொன்னது தவறில்லை. வருமானவரி அலுவலகம், தானாக வந்து பாக்கியைக் கட்டியவருக்கு மட்டும் அபராதம் போட்டால் எப்படியிருக்குமோ அப்படி.

பழைய வழக்குகளைப் பார்த்தால், தண்டனை வந்த இடங்களிலெல்லாம் மோசடி கையும் களவுமாகப் பிடிபடும் வகையில் சில்லறையாக இருந்தது தெரியும். மினசோட்டாவில் அலுவலக ஊழியர் ஒருவர் 1990களில் கூடைப்பந்து வீரர்களுக்காகச் சுமார் 400 கட்டுரை, வீட்டுப்பாடங்களை எழுதினார். 1999இல் செயின்ட் பால் பத்திரிகை அதை வெளியிட்டு மறு ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. அணியின் 1997 அரையிறுதிச் சாதனை ஏட்டிலிருந்து போனது. ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஒரு ஆன்லைன் இசைப் பாடத் தேர்வில் 61 வீரர்கள் சிக்கினார்கள், வெற்றிகள் நீக்கப்பட்டன. சிராக்யூஸில் ஒரு வீரரின் தகுதியை மீட்க அணி அலுவலகத்திலேயே கட்டுரை தயாரானது. 2015இல் கோச் ஜிம் போஹைமுக்கு ஒன்பது ஆட்டத் தடை, நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள் நீக்கம். ஒரு ஊழியர் ஒரு கட்டுரையை எழுதிக்கொடுத்தால் அது குற்றம். ஒரு துறையே வகுப்பை நடத்தாமல் கிரேடு போட்டால் அது கல்விச் சுதந்திரம்.

தண்டனை முறையின் இன்னொரு கோணல் பணம் சம்பந்தப்பட்டது. 2000களின் நடுவில் அணிகளின் படிப்பு முன்னேற்றத்துக்கு 1,000 புள்ளி கொண்ட ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். பிறகு 930க்குக் கீழே போனால் சீசன் முடிவுப் போட்டிகளுக்குத் தடை என்று இறுக்கினார்கள். பெரிய அணி எதுவும் மாட்டவில்லை என்று சொல்ல முடியாது, கனெக்டிகட் கூடைப்பந்து அணி 2013இல் மாட்டியது. ஆனால் தடைப் பட்டியலில் அளவுக்கு மீறி இடம்பிடித்தவை, கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய ஏழைக் கல்லூரிகள். பணமுள்ள இடங்களில் வீரர்களுக்கென்றே தனிக் கட்டடம், டஜன்கணக்கில் டியூட்டர், ஆலோசகர். எந்தப் பாடத்தில் யாரைப் போட்டால் புள்ளி தேறும் என்று அவர்களுக்குத் தெரியும். பணமில்லாத கல்லூரியில் ஒரு பையன் படிப்பை விட்டு நின்றுபோனால் அணிக்கே அடி. இது இனப் பாகுபாடு என்று 2020இல் என்.சி.ஏ.ஏ. மீது வழக்கும் போட்டார்கள்.

இன விஷயம் சேப்பல் ஹில்லிலும் உண்டு, அதைப் பேசாமல் தாண்ட முடியாது. வருமானம் தரும் இரண்டு ஆட்டங்களிலும் ஆடுகிறவர்களில் கறுப்பின இளைஞர்கள் அதிகம். மோசடி நடந்ததும் கறுப்பின வரலாற்றைப் படிக்கும் துறையில். அங்கே உண்மையாகவே பாடம் நடத்திய, உண்மையாகவே படித்த நிறையப் பேரின் டிகிரிக்கும் சேர்ந்து களங்கம் வந்தது. வீரர்களைப் பற்றிய பார்வையும் புதிதில்லை. 1980களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், தேர்ச்சி பெறாத ஒன்பது ஃபுட்பால் வீரர்களைத் தூக்கிவிட்டதை எதிர்த்த ஆசிரியை ஜேன் கெம்ப் வேலை இழந்தார். அவர் போட்ட வழக்கில் பல்கலைக்கழகத் தரப்பு வக்கீல் சொன்ன வாதம்: இவர்களைப் பட்டதாரி ஆக்க முடியாமல் போகலாம், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் குப்பை அள்ளுவதற்குப் பதில் தபால் அலுவலகத்திலாவது வேலை கிடைக்கும். 1986இல் ஜூரி கெம்ப்புக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது.

அப்படியானால் அந்தப் பையன்களின் படிப்புக்கு யார் பொறுப்பு? சேப்பல் ஹில்லின் 2005 சாம்பியன் அணியில் ஆடிய ரஷாத் மெக்கான்ட்ஸ், தனக்குப் படிப்பு என்ற பெயரில் கிடைத்தது பொய் என்று 2014இல் வெளியே சொன்னார். கோச் ராய் வில்லியம்ஸ் மறுத்தார். மெக்கான்ட்ஸின் தங்கையான முன்னாள் வீராங்கனை ரஷாண்டாவும் ஒரு முன்னாள் ஃபுட்பால் வீரரும் தொடுத்த வழக்கில் என்.சி.ஏ.ஏ. வக்கீல்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள்: வீரர்களின் கல்வித் தரத்தை உறுதி செய்யும் சட்டக் கடமை எதையும் என்.சி.ஏ.ஏ. ஏற்கவில்லை. சம்பளம் கேட்டால் படிப்பு இருக்கிறதே என்கிறார்கள். படிப்பு எங்கே என்றால் அது எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

2018இல் அமெரிக்க முன்னாள் வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த குழு, கூடைப்பந்து லஞ்ச வழக்குகளையொட்டி என்.சி.ஏ.ஏ.வைச் சீர்திருத்த யோசனை சொன்னபோது, வீரர்களின் தகுதியைப் பாதிக்கும் பாட மோசடியை விசாரிக்கும் அதிகாரம் என்.சி.ஏ.ஏ.வுக்கு இருக்க வேண்டும் என்றது. அந்தக் குழு கேட்ட பல மாற்றங்கள் சில மாதங்களிலேயே நடந்தன. சுதந்திரமான விசாரணை அமைப்புகூட ஒன்று வந்தது, சில ஆண்டுகள் இழுத்தடித்துவிட்டுக் கலைந்தும் போனது. பாட மோசடி விதியைத் திருத்த மட்டும் உறுப்புப் பல்கலைக்கழகங்கள் முன்வரவில்லை. அது ஏன் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சுலபமான பாடம் எந்த வளாகத்தில் இல்லை? அந்தக் கதவைத் திறந்துவிட்டால் நாளைக்குத் தன் வீட்டுக்கும் ஆள் வருவான் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதற்கிடையில் நிலைமையே மாறிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 280 கோடி டாலர் சமரசத்துக்குப் பிறகு, பெரிய பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர் வரை. வீரர்கள் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுவதும் சகஜமாகிவிட்டது. சம்பளம் வாங்குகிறவர் எதற்கு வகுப்புக்குப் போக வேண்டும் என்று இப்போது வெளிப்படையாகவே கேட்கிறார்கள். ஆனால் 40, 60, 80 சதவீதக் கணக்கும் கிரேடு வரம்பும் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. மோசடி எது என்று சொல்லும் உரிமை இன்னும் அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. அடுத்த தடவை ஒரு டியூட்டர் வந்து உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழக வக்கீல் முதலில் எடுத்துப் படிக்கப்போவது 2017, 2019 தீர்ப்புகள் இரண்டையும்தான்.